காலியாக ஓர் அறுவை அரங்கு

மருத்துவமனைகளில் மாலை வேளையில் அறுவை அரங்கின் வாசலில் ஒரு தாள் ஒட்டப்படுவதைப் பலரும் பார்த்திருப்போம். மறுநாள் யார் யாருக்கு அறுவை என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஏழு பெயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேருக்கும் சொல்லப்படுவது ஒன்றே: 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. காலை ஏழு மணிக்குத் தயாராக இருங்கள்.' முதல் பெயருக்குரியவர் எட்டு மணிக்கு உள்ளே போக வேண்டியவர், ஒன்பதரைக்குப் போகிறார். மூன்றாம் அறுவை எதிர்பார்த்ததைவிட ஒரு மணி நேரம் நீள்கிறது. நடுவே விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். ஏழாம் பெயருக்குரிய மூதாட்டியிடம் மாலை நான்கு மணிக்கு ஒரு செவிலியர் வந்து, 'இன்றைக்கு ஆகாது பாட்டி, சாப்பிட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறார். பதினாறு மணி நேரப் பட்டினி வீணானது பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரியும் ஏறுவதில்லை.

இலக்கியம் பேசுகிற இடத்தில் அறுவை அரங்கின் அட்டவணைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காத்திருத்தலை ஒரு திணையின் உரிப்பொருளாகவே வைத்த மொழி நம்முடையது என்பதே நம் பதில். முல்லையில் தலைவி இருக்கிறாள். தலைவன் கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. மழை வந்தும் தேர் வராதபோதுதான் துயரம் பேசத் தொடங்குகிறது. எல்லை சொல்லப்பட்ட காத்திருப்பை மனிதர்கள் தாங்குகிறார்கள். எல்லையே சொல்லப்படாத காத்திருப்பு வேறு வகையானது. மருத்துவமனை நடைகளில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்போர் அனுபவிப்பது இந்த இரண்டாம் வகையைத்தான்.

அறுவை அரங்கு மட்டுமல்ல, எண்டோஸ்கோப்பி அறை, இதயக் குழாய்களைச் சோதிக்கும் கேத் லேப், டயாலிசிஸ் பிரிவு என்று நாள் குறித்து நோயாளியை வரவழைத்து ஒரு செயல்முறையைச் செய்கிற எல்லா இடங்களிலும் இந்தத் தாமதம் உண்டு. அதற்குச் சொல்லப்படும் காரணம் நமக்கு மனப்பாடம்: கூட்டம் அதிகம், ஆட்கள் குறைவு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கூட்டத்தின் மீதும் பற்றாக்குறையின் மீதும் சுமத்தப்படும் தாமதத்தில் கணிசமான பகுதி, அட்டவணை எழுதப்படும் விதத்தில் பிறக்கிறது என்பதே நம் கருத்து. ஓர் அரங்கின் நேரத்தைச் சொட்டு விடாமல் நிரப்பிவிட வேண்டும் என்ற நல்லெண்ணமே அந்த அரங்கைத் தாமதிக்கச் செய்கிறது.

இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட உண்மை இது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர் 1909-ல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைகளின் கணிதம் தொடங்குகிறது. அதன் மிக எளிய மாதிரி இது: ஒரே ஒரு சாளரம்; வருகிறவர்கள் எப்போது வருவார்கள் என்பதும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் தற்செயல். அந்தச் சாளரம் தன் நேரத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தினால், வருகிறவர் சராசரியாக ஒருவருக்கான வேலை நேரம் காத்திருப்பார். எண்பது விழுக்காடு நிரம்பினால் நான்கு மடங்கு. தொண்ணூறு நிரம்பினால் ஒன்பது மடங்கு. தொண்ணூற்றைந்து நிரம்பினால் பத்தொன்பது மடங்கு. கடைசி ஐந்து விழுக்காட்டை நிரப்புவதற்காகக் காத்திருப்பு இருமடங்குக்கு மேல் ஆகிறது. அறுவை அரங்கு இந்த மாதிரியில் அப்படியே அடங்காது என்றாலும் பாடம் ஒன்றுதான். வேலையின் நீளம் எவ்வளவுக்கு நிச்சயமற்றதோ, அவ்வளவுக்கு இடைவெளி விடவேண்டும்.

நம் அட்டவணைகள் இதற்கு நேர்மாறாக எழுதப்படுகின்றன. பித்தப்பை அறுவைக்கு ஒரு மணி நேரம் என்று போடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் கத்தி வைத்ததிலிருந்து தையல் போடும்வரை. மயக்கம் கொடுப்பது, தெளிவிப்பது, அரங்கைத் துடைப்பது, கருவிகளை மாற்றுவது ஆகியவற்றுக்குக் காகிதத்தில் நேரமே இல்லை. ஒரு சராசரிக்குப் பின் இன்னொரு சராசரியை ஒட்டி எழுதுகிறோம். ஆனால் எந்த நோயாளியின் வயிறும் சராசரி வயிறு அல்ல. சீக்கிரம் முடிந்த அறுவையின் மிச்ச நேரம் பெரும்பாலும் வீணாகிறது, ஏனெனில் அடுத்தவர் இன்னும் வார்டில் இருக்கிறார். நீண்ட அறுவையின் தாமதமோ வரிசையில் பின்னால் இருக்கிற எல்லோர் மீதும் ஏறுகிறது. வட்டி மட்டும் வளரும் கடன் போல.

1952-ல் பிரிட்டனில் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவுகளின் காத்திருப்பை ஆராய்ந்தார். மருத்துவர் ஒரு நிமிடமும் சும்மா இருந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் அளவுக்கு மீறி நோயாளிகளை முன்னதாகவே வரவழைத்து உட்கார வைக்கும் வழக்கம் அவர் காலத்திலும் இருந்தது. அவர் சொன்ன தீர்வு எளிமையானது. தொடக்கத்தில் இருவரை வரச்சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரையும், ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேர இடைவெளியில் வரச்சொல்லுங்கள். மருத்துவர் அவ்வப்போது சில நிமிடங்கள் சும்மா இருப்பார். அதற்கு ஈடாக நோயாளிகளின் மணிக்கணக்கான நேரம் மிச்சமாகும். நாம் இன்னும் எல்லா டோக்கன்களையும் காலை எட்டு மணிக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அறுவை அரங்கைப் பொறுத்தவரை நமக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உள்ள, அன்று செயின்ட் ஜான்ஸ் என்ற பெயர் கொண்டிருந்த மருத்துவமனை. 32 அறுவை அரங்குகள். ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்ட அறுவைகள். 2002 வாக்கில் எல்லா அரங்குகளும் முழுக்க நிரம்பியிருந்தன. அவசர அறுவை ஒன்று வந்தால் ஏற்கெனவே நாள் குறித்தவை தள்ளிப்போயின. நள்ளிரவுக்குப் பிறகு அறுவைகள் நடந்தன. பணியாளர்கள் திட்டமிடாத கூடுதல் நேரம் உழைத்துக் களைத்தார்கள். இன்னும் அரங்குகள் கட்டவேண்டும் என்பதே எவருக்கும் தோன்றும் தீர்வு. வெளியிலிருந்து வந்த ஆலோசகர் சொன்னதோ வேறு: இருக்கிற அரங்குகளில் ஒன்றைக் காலியாக வையுங்கள், திட்டமிடாமல் வரும் அறுவைகளுக்கு மட்டும் அது.

இடமே போதாத வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வை என்பது போல இருந்தது அந்த யோசனை. அறுவை மருத்துவர்கள் நம்பவில்லை. செய்து பார்த்தபோது மொத்த அறுவைகளின் எண்ணிக்கை 5.1 விழுக்காடு கூடியது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நடந்த அறுவைகள் 45 விழுக்காடு குறைந்தன. பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் உளவியலாளர் எல்டர் ஷஃபீரும் பற்றாக்குறையைப் பற்றி 2013-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவசர நோயாளி எதிர்பாராதவர் என்கிறோம். அவருடைய பெயர்தான் நமக்குத் தெரியாது. அவர் வருவார் என்பது தெரியும். நாள்தோறும் யாரோ ஒருவருக்குக் குடல்வால் வீங்குகிறது, யாரோ ஒருவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. பெயர் தெரியாத அந்த விருந்தாளிக்கு இலை போட்டு வைக்காத வீட்டில், அவர் வந்ததும் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப வேண்டியிருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் இலையைப் போட்டு வைத்தது. அவ்வளவுதான். காலியான அரங்கு உண்மையில் காலியாக இருக்கவில்லை. மற்ற 31 அரங்குகளின் பட்டியலும் குலையாமல் ஓடியது.

இரண்டே அரங்குகள் உள்ள மாவட்ட மருத்துவமனையில் ஒன்றைக் காலியாக வைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. முழு அரங்கு வேண்டாம். ஏழு பெயர்கள் எழுதும் இடத்தில் ஐந்து எழுதி, பகலில் இரண்டு மணி நேரத்தைப் பெயர் தெரியாதவருக்கு என்று விட்டுவைக்கலாம். அவர் வராத நாளில், விரைவில் செய்துகொள்ள விரும்பிக் காத்திருப்போரில் ஒருவரை முன்னரே அறிவித்து அந்த நேரத்துக்கு அழைக்கலாம். ஏழு பேரை எழுதி இருவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனையும் ஐந்து பேருக்கே அறுவை செய்கிறது. வேறுபாடு அந்த இருவரின் பட்டினியில் மட்டும் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகளின் நெரிசலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த யூஜின் லிட்வாக், அவசர நோயாளிகளின் வரவைவிடத் திட்டமிட்ட அறுவைகளின் வரவே அதிகம் ஏறி இறங்கக்கூடும் என்று சுட்டிக்காட்டினார். நோய் கிழமை பார்த்து வருவதில்லை. நம் அட்டவணைதான் கிழமை பார்க்கிறது. பெரிய அறுவைகளை எல்லாம் வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் வாரத்தின் நடுவில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பி வழிகின்றன. வார இறுதியில் அவை ஆளின்றிக் கிடக்கின்றன. அறுவை முடிந்தவரை வைக்க மீட்பு அறையில் இடம் இல்லாவிட்டால் அவர் அரங்கிலேயே கிடக்க நேர்கிறது. அடுத்தவர் உள்ளே வர முடியாது. முன்வாசலில் நிற்கும் கூட்டத்துக்குக் காரணம் பல சமயம் பின்வாசல் அடைபட்டிருப்பதுதான்.

எண்டோஸ்கோப்பி அறைகளிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. மருத்துவர் இருக்கிறார், அறை இருக்கிறது, நோயாளி இருக்கிறார்; குழாய் கழுவப்பட்டுத் திரும்பவில்லை. ஒருவருக்குப் பயன்படுத்திய குழாயைக் கையால் தேய்த்து, கிருமிநீக்கித் திரவத்தில் உரிய நேரம் ஊறவைத்து, அலசி உலர்த்தித்தான் அடுத்தவருக்கு எடுக்க முடியும். அந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் ஒருவரின் தொற்று இன்னொருவருக்குப் போகும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் என்பதை முடிவுசெய்வது மருத்துவரின் கைவேகம் அல்ல, குழாய்களின் எண்ணிக்கையும் கழுவுமிடத்தின் திறனும். அட்டவணை எழுதுபவர் கழுவுமிடத்தில் அரைநாள் நின்று பார்த்தால் போதும், பாதித் தாமதத்தின் பிறப்பிடம் தெரிந்துவிடும்.

காலை முதல் அறுவையே ஒன்றரை மணி நேரம் பிந்துவது ஏன் என்று பார்த்தாலும் இப்படித்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்கு வந்து சேரவில்லை. இதய மருத்துவரின் கருத்து வாங்கப்படவில்லை. ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டிய மகன் பேருந்தில் வந்துகொண்டிருக்கிறார். காப்பீட்டின் முன் அனுமதி இன்னும் வரவில்லை. இவற்றுள் எதுவும் அன்று காலையில் செய்யவேண்டியது அன்று. முந்தைய நாள் பிற்பகலில் ஒரு செவிலியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஐந்தாறு கேள்விகள் கேட்டு, தேவையானால் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்தால் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். புதுக் கட்டடமோ புது இயந்திரமோ இதற்கு வேண்டாம். இந்த வேலை இன்னாருடையது என்று ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு அதற்கான நேரமும் கொடுக்க வேண்டும்.

நம்மிடையே இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார்செய்து விடுகிறார்கள். முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய கை அவசரப்படுவதில்லை; இரண்டு அறுவைகளுக்கு நடுவே இருந்த வெற்று நேரம்தான் மறைந்திருக்கிறது. கண்புரை அறுவை ஒன்றுபோல் ஒன்று இருப்பது, முழு மயக்கம் தேவைப்படாதது என்பதால் இது சாத்தியம். வயிற்றைத் திறக்கும் அரங்கில் இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் நிபுணர் மட்டுமே செய்யக்கூடியது எது, மற்றவர்கள் முன்கூட்டியே செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணை எங்கும் கொண்டுபோகலாம்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் மருத்துவமனை தொழிற்சாலை ஆகிவிடாதா என்ற அச்சம் நமக்கும் உண்டு. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அரங்கினுள் பாதுகாப்புக்காக ஆகும் நேரம் தாமதம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று நோயாளியின் பெயர், உடலின் இடம், செய்யப்போகும் அறுவை ஆகியவற்றை உரக்கச் சொல்லச் சொல்கிறது. தில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைச் செயல்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பின்னர் எல்லா இடங்களிலும் அதே பலன் கிடைக்கவில்லை என்றாலும் அந்த நிற்றலின் மதிப்பை யாரும் மறுப்பதில்லை. நோயாளியைத் தேடிய நேரம், தாளைத் தேடிய நேரம், படுக்கையைத் தேடிய நேரம் ஆகியவற்றைக் குறைப்பதே அரங்கினுள் நிதானமாக நிற்பதற்கான நேரத்தைத் தரும். காலையில் ஒன்றரை மணி நேரம் இழந்தவர்கள்தான் மாலையில் அந்த ஒரு நிமிடத்தைத் திருட முனைவார்கள்.

இனிப் பட்டினிக்கு வருவோம். மயக்கத்தின்போது இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தை நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-ல் விவரித்தார். வெறும் வயிறு என்ற எச்சரிக்கை வலுப்பெற்றது அதன் பிறகுதான். அது உயிர் காக்கும் எச்சரிக்கை. ஆனால் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 1999-லேயே, பொதுவாக நலமாக உள்ளவர்கள் திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களைக் குடிக்கலாம், ஆறு மணி நேரம் முன்புவரை எளிய உணவு உண்ணலாம் என்று சொல்லிவிட்டது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். ஆனாலும் 'நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்' என்ற பழைய வாக்கியம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? யாருடைய முறை எப்போது வரும் என்று சொல்லும் துணிவு அட்டவணைக்கு இல்லை என்பதால்தான். எவரை எப்போது அழைக்க நேருமோ என்று எல்லோரையும் சேர்த்துப் பட்டினி போடுகிறோம். நான்கு மணிக்கு அறுவை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அந்த மூதாட்டி விடிகாலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கலாம், மதியம்வரை தண்ணீர் குடித்திருக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு இது வெறும் சௌகரியம் பற்றிய பேச்சல்ல. இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கி விழுவது பற்றிய பேச்சு.

இத்தனைக்கும் அடியில் ஒரு மதிப்பீடு மறைந்திருக்கிறது. அரங்கின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு, மருத்துவரின் ஒரு மணி நேரத்துக்கு விலை உண்டு, நோயாளியின் ஒரு மணி நேரம் இலவசம். அவரோடு வந்தவரின் இழந்த நாட்கூலியும் இலவசம். இலவசமானதை யாரும் அளப்பதில்லை. அளக்காததை யாரும் குறைப்பதுமில்லை. ஆகவே மருத்துவமனைகளிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது புது அரங்கு அன்று, ஒரு புதுப் பத்தி. அறுவைப் பதிவேட்டில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'கடைசியாக உண்டது எப்போது', 'சொன்ன நேரம் எது, அழைத்த நேரம் எது', 'எத்தனையாவது முறை தள்ளிவைக்கப்படுகிறது' என்று மூன்று கட்டங்கள். ஒரு மாதம் அவற்றை நேர்மையாக நிரப்பினால், எங்கே இடைவெளி விடவேண்டும் என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

பற்றாக்குறை பொய்யன்று. மயக்க மருத்துவரே இல்லாத ஊரில் எந்த அட்டவணையும் ஒருவரை உண்டாக்கித் தந்துவிடாது. அங்கே போராட வேண்டியது ஆட்களுக்காகவும் நிதிக்காகவும்தான். ஆனால் அந்த ஊரிலும் ஏழாம் பெயரை எழுதாமல் இருக்க முடியும். 'உங்கள் முறை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதுவரை வீட்டில் இருங்கள், சாப்பிடுங்கள்' என்று சொல்ல முடியும். மூன்று நாள் தள்ளிச் சொன்னாலும் அது ஒரு வாக்கு. கார்காலம் தூரத்தில் இருக்கலாம். எப்போது வரும் என்றாவது காத்திருப்பவருக்குத் தெரிய வேண்டும்.